கார் கண்ணாடிக் கீறலும் மணவாளக்குறிச்சி மணலும்

கார் கதவுக் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டால் என்ன செய்யலாம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்வார் ஒருவர். நெயில் பாலிஷ் தடவச் சொல்வார் இன்னொருவர். சமையல் சோடா, சாம்பல் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் உருப்படியாக வேலைக்கு ஆகாது. வேலைக்கு ஆகும் பொடி ஒன்று உண்டு. அதன் பெயர் சீரியம் ஆக்ஸைடு. கடலை மாவுக்கும் செங்கல் பொடிக்கும் நடுவில் ஒரு நிறம். தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, கம்பளி வில்லையால் பொறுமையாகத் தேய்த்தால் கீறல் மறையும்.

தாராவியிலும் குர்லா சி.எஸ்.டி. ரோட்டிலும் பழைய காரைப் புதுசாக்கி விற்பவர்களுக்கு இந்தப் பொடி புதிதல்ல. ஆனால் இதன் வரலாற்றைத் தேடிப் போனால், நம் கல்யாண ஊர்வலத்து பெட்ரோமாக்ஸ் விளக்கு வருகிறது. தேங்காய் நார்க் கயிறு வருகிறது. ஒரு ஜெர்மன்காரர், திருவிதாங்கூர் திவான், நேரு, டிராம்பே எல்லாம் வருகிறார்கள். கடைசியில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மும்பையில் வேர் பிடித்த தென்மாவட்டக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது என்று எனக்குத் தோன்றியதால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீறல் எப்படி விழுகிறது?

கண்ணாடியே மணலை உருக்கிச் செய்ததுதான். அந்தக் கண்ணாடியைக் கீறுவதும் மணல்தான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. அதில் ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 5.5. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கும்போது மணல் தன் பழைய வலிமையில் கொஞ்சம் இழந்துவிடுகிறது. அதனால் ஒரு மணல் துகள் போதும், கண்ணாடியில் கோடு போட்டுவிடும்.

மும்பையில் மணல் துகளுக்குப் பஞ்சமா? எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதோ ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் வாயில் ரப்பர் பட்டை இருக்கும், உள்பக்கம் வெல்வெட் மாதிரி துணி வைத்திருக்கும். அந்தத் துணியில் ஒரு துகள் சிக்கிக்கொண்டால், கண்ணாடியை இறக்கும் ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழே ஒரு கோடு விழும். காய்ந்த தூசியைக் காய்ந்த துணியால் துடைத்தால் வட்ட வட்டமாகக் கோடு. வைப்பர் ரப்பர் தேய்ந்திருந்தால் முன்கண்ணாடியில் வானவில் மாதிரி அரைவட்டம்.

2012இல் இன்னொரு கூத்தும் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலீஸ் நிறுத்தி அபராதம் போட ஆரம்பித்ததும் ஊரே ஃபிலிமை உரித்தது. பலர் பிளேடு வைத்துச் சுரண்டினார்கள். கூடவே கண்ணாடியும் சுரண்டப்பட்டது.

கீறல் என்றால் அழகு கெட்டுவிட்டது என்று மட்டும் நினைக்கிறோம். ராத்திரியில் வண்டி ஓட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள். எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறி, கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை விழுந்த மாதிரி ஆகிவிடும். குறுக்கே நடப்பவர் அந்தத் திரைக்குப் பின்னால் மறைந்துபோவார். பன்னிரண்டு மணி நேரம் டாக்ஸி ஓட்டுகிற மனிதருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மும்பை டாக்ஸி என்றாலே நம் தலைமுறைக்கு குர்லா ஆலையில் செய்த பிரீமியர் பத்மினிதான். 1964இல் ஃபியட் 1100 ஆகத் தொடங்கி, 1970களில் பத்மினி என்று பெயர் மாறி, 2000களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. டாக்ஸிக்கு இருபது வருட வயது வரம்பு வைத்ததால் 2023 அக்டோபர் இறுதியில் கடைசி பத்மினி டாக்ஸியும் சாலையை விட்டுப் போனது. இருபது வருடம் ஓடுகிற வண்டிக்கு ஒவ்வொரு கீறலுக்கும் புதுக் கண்ணாடி வாங்கிப் போட எந்த டாக்ஸிக்காரருக்குக் கட்டுப்படியாகும்? பழைய கண்ணாடி, கழற்றி மாற்றிய கண்ணாடி, தேய்த்து எடுத்த கண்ணாடி என்று ஒரு தனி உலகமே இங்கே ஓடியது.

தேய்ப்பதென்றால் என்ன?

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவரிடம், "கீறலை எப்படி எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது:

"கீறல எங்க சார் எடுக்க முடியும்? அது குழில்லா. சுத்தி இருக்கத அது மட்டத்துக்கு எறக்கிவிடுதோம். அம்புட்டுதான்."

இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. பொடி கீறலுக்குள் போய் அடைத்துக்கொள்வதில்லை. சுற்றிலும் உள்ள நல்ல கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கீறலின் அடிமட்டம் வரை இறங்கிவிடுகிறது. பள்ளம் போய்விட்டது, ஆனால் கண்ணாடி மெலிந்துவிட்டது. வணிகவியல் படித்தவனுக்குத் தேய்மானம் என்றால் லெட்ஜரில் ஒரு வரி. அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தத்தை நான் பார்த்தது அந்தப் பட்டறையில்தான்.

அந்தக் கரைதல் எப்படி நடக்கிறது என்பதில் முந்நூறு வருடமாகச் சண்டை. நியூட்டன் 1704இல் வெளியிட்ட 'ஆப்டிக்ஸ்' நூலில், பாலிஷ் என்பது மேலும் மேலும் நுண்ணிய கீறல் போடுவதுதான், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதானதும் பளபளப்பு என்கிறோம் என்ற கருத்தைச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராலே பிரபு இதை ஒத்துக்கொள்ளவில்லை. பாலிஷ் செய்யும்போது கண்ணாடி மூலக்கூறு மூலக்கூறாகப் போகிறது, அது கீறுவதிலிருந்து வேறான வேலை என்றார்.

இன்றைய விளக்கம் ராலே பக்கம்தான் சாய்கிறது. தண்ணீர் பட்டதும் கண்ணாடியின் மேல்தோல் கொஞ்சம் இளகுகிறது. சீரியம் ஆக்ஸைடு துகள் அந்த இளகிய தோலில் உள்ள சிலிக்காவோடு வேதிப் பிணைப்பு போட்டுக்கொண்டு, நகரும்போது அதைப் பிய்த்துக்கொண்டு போகிறது. இதை 'வேதிப் பல்' என்று சொல்கிறார்கள். அதனால்தான் கண்ணாடியைவிடப் பெரிதாகக் கடினம் இல்லாத பொடி கண்ணாடியைக் கரைக்கிறது. அதனால்தான் தண்ணீர் இல்லாமல் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் காரியம் நடப்பதில்லை. டூத்பேஸ்ட் தோற்பதும் இங்கேதான். அதில் உள்ள சுண்ணாம்புப் பொடிக்கு இந்தப் பல் கிடையாது.

கண்ணாடி செய்வதே தேய்ப்பதாக இருந்த காலம்

இன்று தேய்ப்பது ரிப்பேர் வேலை. ஒரு காலத்தில் கண்ணாடி செய்வதிலேயே பாதி வேலை தேய்ப்பதுதான்.

பதினேழாம் நூற்றாண்டில் நல்ல கண்ணாடி என்றால் வெனிஸ். அந்தப் பணம் வெளியே போவது பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்குப் பொறுக்கவில்லை. அவருடைய நிதியமைச்சர் கோல்பேர் 1665இல் ஒரு கண்ணாடிக் கம்பெனியைத் தொடங்கி வைத்தார். வெர்சாய் அரண்மனையில் 1684இல் முடிந்த கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகளும் அந்தக் கம்பெனி செய்தவைதான். சில வருடங்களில் உருகிய கண்ணாடியை உலோக மேசையில் ஊற்றி உருட்டித் தகடாக்கும் முறை வந்தது. தகடு பெரிதாக வந்தது, ஆனால் இரண்டு பக்கமும் சொரசொரப்பு. மணலும் தண்ணீரும் போட்டு அரைத்து, பிறகு ரூஜ் என்ற சிவப்பு இரும்பு ஆக்ஸைடைக் கம்பளியில் தோய்த்துத் தேய்த்தால்தான் அந்தப் பக்கம் தெரியும். ஊற்றிய கண்ணாடியில் பெரும் பங்கு தேய்ந்தே வீணாகும். அந்தக் கம்பெனிதான் செயின்ட் கோபைன். 2000இல் நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தார்களே, அவர்களேதான்.

காரின் முன்கண்ணாடிக்கும் நெடுங்காலம் இப்படி இருபுறமும் அரைத்துத் தேய்த்த தகடுதான் நல்ல தரம் என்று பெயர். இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனிதான் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆலஸ்டர் பில்கிங்டன் என்ற பொறியாளர், கண்ணாடியை உருகிய ஈயத்தின் மேல் (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம்) மிதக்கவிட்டால் தானாகவே சமதளமாகிவிடும் என்று 1952இல் யோசித்தார். கம்பெனி முதலாளி குடும்பத்தின் பெயரும் பில்கிங்டன், ஆனால் இவர் அந்தக் குடும்பம் இல்லை. ஏழு வருடம், எழுபது லட்சம் பவுண்டு செலவு. 1959 ஜனவரியில் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதன் பிறகு தகட்டுக் கண்ணாடியைத் தேய்க்கும் பிரம்மாண்ட எந்திரங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மும்பைக்குப் பக்கத்தில் தலோஜாவில் 1990களில் வந்ததும் மிதவைக் கண்ணாடி ஆலைதான்.

பெரிய ஆலை கைவிட்ட வேலை சின்னப் பட்டறையில் தங்கிவிட்டது. லென்ஸ் செய்பவர், மேசைக் கண்ணாடி ஓரம் தேய்ப்பவர், நம் அண்ணாச்சி போல் கார் கண்ணாடியைக் காப்பாற்றுபவர். ஆனால் அவர்கள் கையில் இருந்த பொடி மட்டும் மாறிவிட்டது. ரூஜ் போய் சீரியம் வந்தது. அது எங்கிருந்து வந்தது?

பெட்ரோமாக்ஸ் போட்ட மிச்சம்

1801இல் சீரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் ஒரே சமயத்தில் கண்டுபிடித்த புதுத் தனிமத்துக்கு அந்தப் பெயரையே வைத்து சீரியம் என்றார்கள். 'அருமண்' கூட்டத்தில் சேர்த்தாலும் இது அவ்வளவு அரிதில்லை. பூமியின் மேலோட்டில் தாமிரம் எவ்வளவோ, சீரியமும் ஏறக்குறைய அவ்வளவு. பெயர்தான் பெரிய பெயர்.

எண்பது வருடம் இதற்கு ஒரு பயனும் இல்லை. அப்புறம் ஆஸ்திரியாவில் கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் வந்தார். கேஸ் விளக்குச் சுடரின் மேல் ஒரு வலைப்பை மாட்டி, அதை வெள்ளையாக ஜொலிக்க வைக்க 1885 முதல் முயன்றார். 1891இல் சரியான கலவை பிடிபட்டது: 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு, 1 பங்கு சீரியம் ஆக்ஸைடு. நாம் மேண்டில் என்கிற அந்த வலை இதுதான். ஊரில் கல்யாணம், கோவில் கொடை, தெருக்கூத்து என்று தலையில் சுமந்து போன பெட்ரோமாக்ஸில் எரிந்ததும் இதுதான்.

தோரியத்துக்கு மோனசைட் என்ற கனிமம் வேண்டும். அதில் தோரியம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அருமண்கள்தான் பாதிக்கு மேல், அதிலும் ஏறக்குறைய சரிபாதி சீரியம். விளக்குக்கு வேண்டியது ஒரு சிட்டிகை. மிச்சம் மலை மாதிரி குவிந்தது. அதே வெல்ஸ்பாக் 1903இல் அந்த மிச்சத்தை இரும்போடு கலந்து சிகரெட் லைட்டருக்குத் தீக்கல் செய்தார். அப்படியும் தீரவில்லை. இரண்டாம் உலகப் போரின் போது பைனாகுலர், குறிபார்க்கும் கருவி என்று லட்சக்கணக்கில் லென்ஸ் தேவைப்பட்ட காலத்தில்தான் சீரியம் ஆக்ஸைடு கண்ணாடிப் பட்டறைக்குள் பெரிதாக நுழைந்தது. ரூஜைவிட வேகம். கை, துணி, தரை எல்லாம் சிவப்பாகும் தொல்லை இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் ராஜா.

ஆக, நம் பொடி ஒரு குப்பையிலிருந்து பிறந்தது. சரி, மோனசைட் எங்கே கிடைத்தது?

கயிற்றில் ஒட்டிய மணல்

தொடக்கத்தில் பிரேசில் கடற்கரையிலிருந்துதான் வந்தது. 1909இல் சி.டபிள்யூ. ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மினுங்குவதைக் கண்டார். மணலைத் தேடிக் கிளம்பியவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் பக்கத்தில், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம்.

அந்தக் கடற்கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அலை விட்டுப்போன இடத்தில் கறுப்பும் சிவப்புமாகக் கோலம் போட்ட மாதிரி மணல் கிடக்கும். கறுப்பு இல்மனைட். சிவப்பு கார்னெட். நடுவில் தேன் நிறத்தில் இருப்பது மோனசைட். பிரேசில் மணலைவிட இதில் தோரியம் அதிகம். ஷாம்பெர்க் மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கும் ஆலை போட்டார். பிறகு கொல்லம் பக்கம் சவறாவிலும் வேலை நடந்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் உளவாளி என்ற சந்தேகத்தில் அவரைக் கைது செய்தார்கள். மணல் பிரிட்டிஷ் கம்பெனிகள் கைக்குப் போனது. லண்டன் தெருவிளக்குகளில் நம் கடற்கரை எரிந்தது என்று சொன்னால் அது மிகை இல்லை.

1945இல் அணுகுண்டு விழுந்தது. தோரியத்தை அணு எரிபொருளாக்க முடியும் என்று தெரிந்ததும் விளக்கு மணல் ஒரே நாளில் அரசியல் மணலானது. 1946-47இல் திருவிதாங்கூரைத் தனிநாடாக வைத்துக்கொள்ள நினைத்த திவான் சி.பி. ராமசாமி ஐயர் கையிலிருந்த முக்கியமான சீட்டுகளில் ஒன்று இந்த மணல். அது நடக்கவில்லை. 1950 ஆகஸ்ட் 18 அன்று இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பதிவானது. ஆலுவாவில் அதன் ஆலை 1952இல் ஓடத் தொடங்கியது, அந்த டிசம்பரில் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். மோனசைட்டை உடைத்து, அருமண்களை ஒரு பக்கம், தோரியத்தை இன்னொரு பக்கம் பிரிப்பது அந்த ஆலையின் வேலை.

தோரியம் எங்கே போனது? நம் செம்பூருக்குப் பக்கத்து டிராம்பேக்கு. அங்கே 1955இல் தோரியம் ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1956 ஆகஸ்டில், அதே டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கியது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதன் மணலில் ஒரு பகுதி ஏற்கெனவே மும்பைக்கு வந்துவிட்டிருந்தது! டிராம்பே ஆலை செய்த தோரியம் நைட்ரேட்தான் நம் நாட்டு மேண்டில் தொழிலுக்கும் போனது. 1960களில் மணவாளக்குறிச்சி, சவறா ஆலைகளும் மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் வந்தன. இன்று ஐ.ஆர்.இ.எல். என்று பெயர் மாறிவிட்டது. தலைமை அலுவலகம் எங்கே தெரியுமா? தாராவியிலிருந்து சில கிலோமீட்டரில் பிரபாதேவி, சித்தி விநாயகர் கோவில் பக்கம்.

இதே தென்கோடியிலிருந்துதான் நம்மவர்களும் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு வேலைக்கு வந்தார்கள். பிறகு மாட்டுங்கா, செம்பூர், அணுசக்தி நகர் என்று படித்த வேலைக்காரர்கள் பரவினார்கள். மனிதர் வந்ததற்குச் சங்கம் இருக்கிறது, கோவில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. மணல் வந்ததை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்று பட்டறையில் இருக்கும் பொடி மணவாளக்குறிச்சியில் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. உலக அருமண் சந்தையில் பெரும் பங்கு பல வருடங்களாகச் சீனாவுடையது. 2010இல் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டைக் கடுமையாகக் குறைத்தபோது, கிலோ சில டாலருக்கு விற்ற சீரியம் ஆக்ஸைடு 2011இல் நூறு டாலரைத் தாண்டியது. பெரிய கண்ணாடி ஆலைகள் பயன்படுத்திய பொடியையே சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. இரண்டு மூன்று வருடத்தில் விலை இறங்கிவிட்டது. பீஜிங்கில் போட்ட ஒரு கையெழுத்து தாராவிப் பட்டறைக் கூலியை அசைத்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் பயன்படும் சில விஷயங்கள்

வரலாறு மட்டும் போதாது, எப்போது தேய்க்கலாம், எப்போது கூடாது என்று சொல்லாவிட்டால் பதிவு முழுமையாகாது.

1. விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டவில்லை என்றால் தேய்த்துப் போக்கலாம். மாட்டினால் ஆழம் அதிகம். அந்த ஆழத்துக்குச் சுற்றியுள்ளதை இறக்கினால் கண்ணாடி நடுவில் பள்ளம் விழுந்து லென்ஸ் மாதிரி ஆகிவிடும். வெளியே தெரியும் கம்பம் வளைந்து நெளியும்.

2. முன்கண்ணாடியில் ஓட்டுநரின் பார்வை படும் இடத்தில் ஆழமான கீறல் என்றால் தேய்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். கீறலாவது தெரியும். வளைந்த காட்சி கண்ணை ஏமாற்றும்.

3. கதவுக் கண்ணாடி பொதுவாக டஃபன்ட். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டென்று குளிர வைத்தது. அதன் மேல்தோல் அழுத்தத்தில் இறுகியிருக்கிறது, அதுதான் அதன் பலம். மேலோட்டமாகத் தேய்ப்பதால் ஆபத்தில்லை. மணல் தாளைப் போட்டு ஆழமாக அரைத்தால் பலம் போகும். முன்கண்ணாடி லாமினேட்டட், இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். எது எது என்று கண்ணாடி மூலையில் அச்சடித்திருப்பார்கள்.

4. தண்ணீர் காயக்கூடாது. வேகமாகச் சுற்றும் எந்திரத்தை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் சூடேறிக் கண்ணாடி விரிந்துவிடும். கையால் தொட்டுப் பார்க்கச் சூடாக இருந்தால் நிறுத்துங்கள்.

5. பின்கண்ணாடியின் உள்பக்கம் பனி போக்கும் கம்பிக் கோடுகள் இருக்கும். அங்கே தேய்த்தால் கோடும் சேர்ந்து போய்விடும்.

6. தேய்க்கிறவர் முகத்தில் மாஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். தத்துவஞானி ஸ்பினோசா லென்ஸ் தேய்த்துப் பிழைத்தவர். 1677இல் நாற்பத்து நான்கு வயதில் நுரையீரல் நோயில் போனார். கண்ணாடித் தூசியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்வார்கள். அருமண் பொடியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலில் படிந்து நோய் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பொடி ஈரமாக இருக்கும்வரை பறக்காது. காய்ந்த பிறகு துடைக்கும்போதுதான் பறக்கிறது.

யார் கணக்கில் தேய்மானம்?

சீரியத்தை ஒதுக்கிவிட்டு இன்று வாழ முடியாது. கார் கண்ணாடியை விடுங்கள், உங்கள் செல்போன் திரையையும், அதற்குள் இருக்கும் சிப்பையும் மெருகேற்றும் வேலையில்கூட இந்தப் பொடி இருக்கிறது. அருமண்களின் தேவை கூடக் கூட கடற்கரை மணலைத் தோண்டும் அவசரமும் கூடுகிறது.

2024இல் கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் ஐ.ஆர்.இ.எல். திட்டத்தை எதிர்த்துக் கடற்கரை ஊர்கள் திரண்டன. அக்டோபரில் நடக்க வேண்டிய கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. கதிர்வீச்சு பற்றிய பயம் அங்கே தலைமுறைப் பயம். கேரளத்தில் இதே மாதிரி மணல் உள்ள கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஊர்க்காரர்கள் கேட்பது அது ஒன்றை மட்டும் இல்லை. கரையில் மணலை எடுத்தால் கடல் எவ்வளவு உள்ளே வரும்? வீடு என்ன ஆகும்? வள்ளத்தை எங்கே ஏற்றி வைப்பது? இதற்கெல்லாம் பதில் வேண்டாமா?

தொழில் வேண்டுமா, கடற்கரை வேண்டுமா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லும் ஆள் நான் இல்லை. பேங்கில் கடன் விண்ணப்பம் பார்க்கும் பழக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்கத் தெரியும்: இந்தச் செலவு யார் கணக்கில் ஏறுகிறது? 1909இலிருந்து அந்தக் கரை லண்டனுக்கு வெளிச்சமும், டிராம்பேக்கு ஆராய்ச்சியும், உலகத்துக்குப் பளபளப்பும் கொடுத்திருக்கிறது. வரவு வந்த ஊர்கள் பல. பற்று எழுதிய ஊர் ஒன்று.

தாராவிப் பட்டறைகளுக்கும் இதே கேள்வி வந்து நிற்கிறது. 2022 நவம்பரில் மறுசீரமைப்பு டெண்டரை அதானி குழுமம் வென்றதிலிருந்து, பத்துக்குப் பத்து இடத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். புதுக் கட்டடங்கள் பளபளவென்று வரட்டும். அந்தப் பளபளப்புக்காக எது எவ்வளவு இறக்கப்பட்டது என்பதும் எங்காவது எழுதி வைக்கப்பட வேண்டும்.

குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி பக்கத்துக் குடும்பங்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மணல் கம்பெனியில் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ வீட்டில் இருந்தால், இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உட்கார வைத்துக் கேளுங்கள். அன்று கூலி எவ்வளவு, மணலை எப்படிப் பிரித்தார்கள், கடல் அப்போது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். கம்பெனி வரலாறு எழுத ஆள் உண்டு. கரையின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.